முதலில் திறக்க வேண்டியது நம்முடைய காதுகள்

தியானப் பகுதி: மாற்கு 7:31-37



 

எழுப்புதலைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், அபிஷேகக் கூட்டம் எல்லாம் நடத்துகிறோம். நல்லதுதான். ஆனால் இந்த மாதம் ஆவியானவர் என்னை வேறொரு காரியத்தில் உணர்த்தினார். அதை மறைக்காமல் உங்களிடம் அறிக்கையிடுகிறேன்.

எங்கள் சபையில் ஒரு மூப்பர் ஐயா இருக்கிறார். இருபது வருஷத்திற்கும் மேலாக ஞாயிறு ஆராதனையில் முதல் பாட்டை ஆரம்பிக்கிறவர் அவர்தான். சாட்சி நேரம் வந்தால் முதலில் எழும்புகிறவரும் அவர்தான். ஒரு நாள் விடியற்காலம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துபோயிற்று. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், சபையாக உபவாசித்து ஜெபித்தோம். கர்த்தர் ஜீவனைக் காத்தார். அல்லேலூயா! இரண்டு மாதம் கழித்து, கோலை ஊன்றிக்கொண்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆராதனைக்கு வந்தார். எல்லாருக்கும் மகா சந்தோஷம்.

சாட்சி நேரம் வந்தது. அவர் எழுந்து நின்றார். சபை அமைதியாயிற்று. வாயைத் திறந்தார். "ஸ்... ஸ்... இல்ல... இல்ல இல்ல..." அதற்கு மேல் வரவில்லை. முகம் சிவந்தது. திரும்பவும் முயற்சித்தார். அதே "இல்ல இல்ல"தான். பிள்ளைகள் சிலர் சிரித்துவிட்டார்கள். நான் மைக்கில், "பரவாயில்லை ஐயா, உட்காருங்கள், உங்கள் இருதயத்தைக் கர்த்தர் அறிவார்" என்று சொல்லிப்போட்டு, அடுத்த சகோதரியைக் கூப்பிட்டேன்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்குப் போனேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தத் தாயார் வாசல் வரைக்கும் வந்து, சத்தமில்லாமல் சொன்னார்கள்: "பாஸ்டர், நீங்க உட்காரச் சொன்னீங்க. அவர் உட்கார்ந்துட்டார்."

தேவபிள்ளையே, எத்தனையோ பிரசங்கங்களை நான் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையைப் போல என்னைக் குத்தினது எதுவுமில்லை.

1. நாவுதான் கட்டுண்டது, உள்ளம் அல்ல

வீட்டுக்கு வந்து இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். விசாரித்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன், கவனியுங்கள்.

பக்கவாதம் என்பது கையிலோ காலிலோ வருகிற வியாதி அல்ல. அது மூளையில் வருகிறது. மூளைக்குப் போகிற இரத்தக் குழாய் அடைத்துக்கொள்ளும், அல்லது வெடித்துவிடும். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை நடத்துகிற பகுதி மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. அந்த இடது பக்கம்தான் வலது கையையும் காலையும் நடத்துகிறது. ஆகவேதான் வலது பக்கம் விழுந்தவர்கள் அநேகருக்குப் பேச்சும் சேர்ந்து போகிறது. 1861ஆம் வருஷம் பாரிஸ் பட்டணத்தில் பால் புரோக்கா என்கிற டாக்டர் இதை எடுத்துக் காட்டினார். அவரிடம் வந்த ஒரு நோயாளிக்கு எதைக் கேட்டாலும் "டான், டான்" என்கிற ஒரே சத்தம்தான் வரும். அவர் மரித்தபின் பார்த்தபோது மூளையின் இடது முன்பகுதி கெட்டுப்போயிருந்தது.

டாக்டர்கள் இதற்கு அஃபேசியா என்று பெயர் சொல்லுகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது உண்டாகிறது. சிலருக்கு வார்த்தை வராது. சிலருக்கு வேறு வார்த்தை வரும். "தண்ணி" என்று கேட்க நினைப்பார், "சாவி" என்று வரும். "ஆமாம்" என்று நினைப்பார், "இல்ல" என்று வரும். சிலருக்கு நாம் பேசுகிறதே பாதிதான் புரியும். எழுதுகிறதும் வாசிக்கிறதும்கூடத் தடுமாறும்.

ஆனால் இதைத் தயவாய் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய புத்தி போய்விடவில்லை. அவர் செவிடர் அல்ல, பைத்தியம் அல்ல, குழந்தையும் அல்ல. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். மகளுடைய கல்யாணக் கடன் எவ்வளவு என்று தெரியும். கர்த்தர் தனக்குச் செய்த நன்மைகள் தெரியும். தெரிந்ததைச் சொல்லுகிற வாசல்தான் அடைபட்டிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூப்பர் ஐயா "இல்ல இல்ல" என்று சொன்னபோது, அவர் உள்ளே என்ன சொல்லிக்கொண்டிருந்தாரோ! "ஸ்தோத்திரம்" என்றுதான் ஆரம்பித்தார் என்று இப்பொழுது நினைக்கிறேன். அந்த "ஸ்" எனக்குக் கேட்டது. நான்தான் காத்திருக்கவில்லை.

2. ஏலியின் தவறு

முதலாம் சாமுவேல் முதலாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அன்னாள் ஆலயத்தில் மனங்கசந்து ஜெபிக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவள் வாயைக் கவனித்துப் பார்த்தான். என்ன முடிவுக்கு வந்தான்? குடித்திருக்கிறாள் என்று முடிவு செய்தான்! வாய் ஒழுங்காய்ப் பேசவில்லை என்றால் மனுஷன் சீக்கிரமாய்த் தப்பு நினைக்கிறான்.

இன்றைக்கும் அப்படித்தான். பேச்சு குழறுகிற ஒருவர் பஸ்ஸில் டிக்கெட் கேட்டால், "காலையிலேயே போட்டுட்டு வந்துட்டான்" என்கிறார்கள். ரேஷன் கடையில் "வீட்ல வேற யாரும் இல்லையா?" என்கிறார்கள். சபையிலோ அதைவிட மோசம். "ஏதோ மறைவான பாவம் இருக்கும், சகரியாவின் வாயைக் கர்த்தர் கட்டினது போலக் கட்டியிருக்கிறார்" என்று பின் பெஞ்சில் பேசுகிறார்கள்.

சகரியாவுக்கு நடந்தது சகரியாவுக்கு. தேவதூதன் நேரில் வந்து காரணத்தைச் சொன்னான். உன் பக்கத்து வீட்டுக்காரரைக் குறித்து எந்தத் தூதன் வந்து உன்னிடம் சொன்னான்? யோவான் 9ஆம் அதிகாரத்தில், இவன் குருடனாய்ப் பிறந்தது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டாரே! இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகையிலை, இருதயத் துடிப்புக் கோளாறு, இவைகளெல்லாம் பக்கவாதத்திற்குக் காரணம் என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். ஜெபிக்கிறவனுக்கும் இரத்தக் கொதிப்பு வருகிறது.

சகரியாவின் சம்பவத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் வேறே இருக்கிறது. லூக்கா 1ஆம் அதிகாரத்தில் பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நாளில், இனத்தார் அவரை விட்டுவிட்டுப் போகவில்லை. அவரிடத்திலேயே கேட்டார்கள். சைகை காட்டிக் கேட்டார்கள். எழுதுகிறதற்குப் பலகை வேண்டும் என்று அவர் கேட்டார், எழுதினார். பேச்சில்லாத ஒருவரிடம் குடும்ப முடிவைக் கேட்கிற வழி இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னேயே யூதேயா மலைநாட்டு ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. சைகை, எழுத்து, பொறுமை. நாமோ அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு, அவர் மனைவியைப் பார்த்து, "ஐயா சாப்பிடுகிறாரா?" என்று கேட்கிறோம்.

3. ஒரு கிராமத்தார் செய்த காரியம்

இப்பொழுது ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். சினிமா நடிகையின் கதை நம்முடைய பத்திரிகையில் எதற்கு என்று யாரும் கோபப்பட வேண்டாம். நல்ல சமாரியனைக்கூட ஆண்டவர் யூதருக்கு முன்மாதிரியாய் வைத்தாரே!

பாட்ரீசியா நீல் என்பவர் அமெரிக்க நடிகை. 1964ல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருது பெற்றவர். அவருடைய கணவர் சிறுவர் கதைகள் எழுதிய ரோல்ட் டால். 1965 பிப்ரவரியில், 39 வயதில், வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது, அவருடைய மூளையில் இரத்தக் குழாய்கள் வெடித்தன. பெரிய ஆபரேஷன். ஏறக்குறைய மூன்று வாரம் நினைவில்லாமல் கிடந்தார். கண் விழித்தபோது வலது பக்கம் அசையவில்லை, பேச்சு இல்லை. வசனங்களை மனப்பாடம் செய்து பேசுவதே தொழிலாக இருந்தவருக்கு, பொருட்களின் பெயர்கூட வரவில்லை.

குடும்பம் இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயர் நாட்டுப்புறத்திலுள்ள கிரேட் மிஸ்ஸெண்டன் என்கிற கிராமத்துக்குத் திரும்பிற்று. அங்கே ஆஸ்பத்திரிப் பேச்சுப் பயிற்சி வாரத்தில் சில மணி நேரம்தான் கிடைக்கும். மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் மனுஷி உள்ளுக்குள்ளே செத்துப்போவாள் என்று கணவர் கண்டார். அக்கம்பக்கத்தாரைக் கேட்டார். அவர்கள் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஒரு மணி நேரம் உட்காருவார், அவர் போனதும் அடுத்தவர் வருவார். வாசிக்க வைத்தார்கள், எண்ண வைத்தார்கள், விளையாட்டுக் காட்டினார்கள், பேச்சுக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர்தான் வலேரி ஈட்டன் கிரிஃபித். அவர் டாக்டர் அல்ல, பேச்சுப் பயிற்சி படித்தவரும் அல்ல. பக்கத்தில் குடியிருந்தவர். அவ்வளவுதான். ஆனால் அவர் விடவில்லை. வந்துகொண்டே இருந்தார்.

அந்த வருஷம் ஆகஸ்டில் குழந்தை சுகமாய்ப் பிறந்தது. 1967ல் நியூயார்க் பட்டணத்தில் ஒரு பெரிய கூட்டத்துக்கு முன்பாக நின்று பாட்ரீசியா நீல் பேசினார். 1968ல் மறுபடியும் நடித்தார், மறுபடியும் ஆஸ்கர் விருதுக்குப் பெயர் சொல்லப்பட்டார். 2010 மட்டும் உயிரோடிருந்தார்.

காரியம் அதோடு நிற்கவில்லை. ஒரு வீட்டில் பலித்தது மற்ற வீட்டில் பலிக்காதா என்று அந்த வலேரி அம்மையார் கேட்டார். பக்கவாதத்தால் பேச்சிழந்த ஆலன் மூர்ஹெட் என்கிற எழுத்தாளரோடும் உழைத்தார். 1970ல் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். 1973ல் இங்கிலாந்திலுள்ள ஒரு சங்கத்தின் உதவியோடு தொண்டர் திட்டம் ஒன்று ஆரம்பமாயிற்று. தொண்டர்கள் வீட்டுக்குப் போய்ச் சந்திப்பார்கள். வாரத்திற்கு ஒருமுறை பேச்சிழந்தவர்கள் ஒரு இடத்தில் கூடுவார்கள். டீ, விளையாட்டு, சிரிப்பு, பேச்சு. அந்தச் சங்கம் 1992 முதல் ஸ்ட்ரோக் அசோசியேஷன் என்கிற பெயரில் நடந்துவருகிறது.

கனடா தேசத்திலும் அப்படியே. டொரொன்டோ பட்டணத்தில் பாட் அராட்டோ என்கிற ஸ்திரீயின் கணவருக்குப் பக்கவாதத்தால் பேச்சு போயிற்று. மருத்துவச் சிகிச்சை முடிந்தபின் அவர் போய் உட்கார ஓர் இடமில்லை. அந்த அம்மாள் 1979ல் தொண்டர்களைச் சேர்த்து ஒரு கூடுகையை ஆரம்பித்தார். அது வளர்ந்து அஃபேசியா இன்ஸ்டிட்யூட் என்கிற பெயரில் நடக்கிறது. அங்கே தொண்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற காரியங்களில் ஒன்று, பேசத் திணறுகிறவரைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்" என்று வாய்விட்டுச் சொல்லுவது. பிரியமானவர்களே, எங்கள் மூப்பர் ஐயாவிடம் அன்றைக்கு நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால்!

சாதாரண ஜனங்களால் இது ஆகுமா என்று கேட்பீர்கள். 1982ல் இங்கிலாந்தில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அதில் 155 பேரைச் சேர்த்தார்கள். சிலரைப் பேச்சுப் பயிற்சியாளர்களிடத்திலும், சிலரைப் பயிற்சியில்லாத தொண்டர்களிடத்திலும் விட்டார்கள். இரண்டு பக்கமும் முன்னேற்றம் கண்டது, பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதினாலே பயிற்சியாளர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முறையான பயிற்சி பலன் தருகிறது என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. கிடைத்தால் கட்டாயம் போங்கள். ஆனால் பயிற்சியாளர் இல்லாத ஊரில், படிப்பில்லாத ஒரு சகோதரன் அன்போடு பக்கத்தில் உட்கார்ந்தாலும் அது வீணாய்ப் போகாது.

4. கூட ஒருவர் பாடினால்

இதைக் கேட்டால் உங்கள் இருதயம் பொங்கும். 1745ல் ஸ்வீடன் தேசத்தில் ஓலோஃப் டாலின் என்பவர் ஒரு மனுஷனைப் பற்றி எழுதிவைத்தார். அந்த மனுஷனுக்கு வலது பக்கம் விழுந்து பேச்சு முழுவதும் போயிற்று. பிற்பாடு "ஆம்" என்கிற வார்த்தை மாத்திரம் வந்தது. ஆனால் வியாதிக்கு முன்னே கற்றுக்கொண்ட ஞானப்பாட்டுகளை மட்டும் அவர் சுகமுள்ளவரைப் போலத் தெளிவாய்ப் பாடினார்! சில ஜெபங்களையும் சொன்னார். ஒரே ஒரு காரியம் தேவைப்பட்டது. ஆரம்பத்தில் வேறொருவர் கொஞ்சம் கூடச் சேர்ந்து பாட வேண்டும். அப்பொழுது அவருடைய நாவு அவிழும்.

பேச்சு ஒரு வழியாய் வருகிறது. சிறுவயது முதல் பாடிப் பாடிப் பதிந்த பாட்டும் ஜெபமும் மூளையில் வேறு வழியாகவும் வருகிறது. ஆகவே பேச முடியாதவர்கள் பலர் பாடுகிறார்கள், ஒன்று இரண்டு மூன்று எண்ணுகிறார்கள், கிழமைகளைச் சொல்லுகிறார்கள். 1973ல் அமெரிக்காவில் பாஸ்டன் பட்டணத்து மருத்துவர்கள் ராகம் போட்டுப் பேசப் பழக்குகிற ஒரு முறையையே ஏற்படுத்தினார்கள். பாட்டு வந்தால் பேச்சு முழுவதும் வந்துவிடும் என்று அர்த்தமல்ல. ஆனால் பாட்டு வருகிறவருக்கு, தான் இன்னும் சாகவில்லை என்று தெரிந்துவிடுகிறது.

நம்மைப் போலப் பாடுகிற ஜனம் யார்? கைதட்டி, சேர்ந்து, ஒரே பல்லவியைப் பத்துத் தரம் பாடுகிறவர்கள் நாம்தானே! அந்த ஸ்வீடன் தேசத்து மனுஷனுக்குத் தேவைப்பட்ட உதவி, பெந்தெகொஸ்தே சபையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இலவசமாய்க் கிடைக்கிறது. அதைப் பேச்சிழந்தவருடைய வீட்டுக்குக் கொண்டுபோக ஆள்தான் இல்லை.

5. ஆண்டவர் எப்படிச் செய்தார்?

இப்பொழுது தியானப் பகுதிக்கு வாருங்கள். தெக்கப்போலியில் கொன்னைவாயுள்ள ஒரு செவிடனை இயேசுவிடத்தில் கொண்டுவருகிறார்கள். தானாய் வரவில்லை. கேட்கவும் பேசவும் முடியாதவன் எப்படி வருவான்? கொண்டுவர யாரோ இருந்தார்கள். வேதம் அவர்களுடைய பெயரைச் சொல்லவில்லை. அவர்கள்தான் முதல் தொண்டர் கூட்டம்!

ஆண்டவர் செய்த மூன்று காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, அவனை ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போனார். மேடைமேல் ஏற்றி வேடிக்கையாக்கவில்லை. கூட்டமும் சத்தமும் பேசத் திணறுகிறவனுக்குப் பகை என்று அவர் அறிந்திருந்தார். நான் மைக் முன்னாலே செய்ததை ஆண்டவர் செய்யவில்லை.

இரண்டாவது, அவன் காதில் விரல்களை வைத்தார், நாவைத் தொட்டார், வானத்தை அண்ணாந்து பார்த்தார். வாயினால் ஒரு வார்த்தை பேசுகிறதற்கு முன்னே, அவனுக்குப் புரிகிற பாஷையில் பேசினார். உன் காது, உன் நாவு, உதவி மேலேயிருந்து வருகிறது. மூன்று சைகையில் முழுப் பிரசங்கம்! வார்த்தையானவர் வார்த்தையில்லாமல் பேசினார்.

மூன்றாவது, பெருமூச்சு விட்டார். ரோமர் 8:26ல் ஆவியானவர் வாக்கில் அடங்காத பெருமூச்சோடு நமக்காக மன்றாடுகிறார் என்று பார்க்கிறோமே. அப்படியானால் பேச முடியாமல் பெருமூச்சு விடுகிறவர் பரலோகத்துக்கு அந்நியரா? அந்நியபாஷை பேசுகிற நாம் ஆவியானவருக்குக் கிட்ட இருக்கிறோம், "இல்ல இல்ல" என்கிற அவர் தூரத்தில் இருக்கிறார் என்று நினைத்தால் நாம் ஒன்றும் அறியாதவர்கள்.

அதன்பிறகுதான் "எப்பத்தா" என்றார். எது முதலில் திறந்தது? காதுகள் முதலில் திறந்தன, பிறகு நாவின் கட்டு அவிழ்ந்தது. இந்த வரிசையில் கர்த்தர் என்னோடு பேசினார்: "மகனே, உன் சபையில் அவனுடைய நாவு திறக்க வேண்டும் என்று ஜெபிக்கிறாய். உன் காது எப்பொழுது திறக்கும்?"

6. ஜெபித்தால் போதாதா?

சிலர் கேட்பீர்கள்: "பாஸ்டர், நம்ம தேவன் சுகமாக்குகிற தேவன். கூடுகை எதற்கு, டீ எதற்கு? ஜெபித்தால் போதாதா?"

சுகத்தை நான் விசுவாசிக்கிறேன். இன்றைக்கும் கை வைத்து ஜெபிக்கிறேன். ஜெபத்தை நிறுத்தாதீர்கள். ஆனால் மோசேயைப் பாருங்கள். நான் திக்குவாயன் என்று யாத்திராகமம் 4ஆம் அதிகாரத்தில் முறையிட்டான். வாயை உண்டாக்கினவர் நான்தான் என்று தேவன் சொன்னார். அவர் நினைத்தால் அந்த நிமிஷமே சரியாக்கியிருக்கலாம். ஆனால் என்ன கொடுத்தார்? ஆரோனைக் கொடுத்தார்! பக்கத்தில் நிற்க ஒரு சகோதரனைக் கொடுத்தார். 17ஆம் அதிகாரத்தில் மோசேயின் கை தளர்ந்தபோது, ஆரோனும் ஊரும் இருபுறமும் நின்று சூரியன் அஸ்தமிக்குமட்டும் தாங்கினார்கள். சுகமும் தேவனுடைய ஈவு, ஆரோனும் தேவனுடைய ஈவு. ஆரோனாய் நிற்க மனதில்லாதவன், சுகம் கிடைக்கவில்லையே என்று நோயாளியின் விசுவாசத்தைக் குறை சொல்லுகிறது அநியாயம்.

இன்னொன்றையும் பயத்தோடு எச்சரிக்கிறேன். திடீரென்று வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சு குழறினால், வீட்டில் வைத்து எண்ணெய் பூசிக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வண்டியில் ஏற்றுங்கள், வண்டியிலே ஜெபியுங்கள். கர்த்தர் ரோட்டிலும் கேட்கிறார்.

7. நாம் செய்ய வேண்டியது

எங்கள் சபையில் நாங்கள் செய்துவருகிறதைச் சொல்லுகிறேன். நீங்களும் ஆரம்பிக்கலாம். பெரிய பணம் வேண்டாம்.

முதலில் நாங்கள் நாலு பேர் மூப்பர் ஐயா வீட்டுக்குப் போனோம். நான் அவருடைய கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தார். பிறகு இடது கையால் என் தலையைத் தொட்டார். அன்றைக்கு முறை வைத்தோம். வாரத்தில் நாலு நாள், ஆளுக்கு ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் அந்தத் தாயார் கடைக்குப் போகலாம், தூங்கலாம். பார்த்துக்கொள்ளுகிறவர்களுடைய பாரத்தை நாம் நினைப்பதேயில்லை. அதன்பின் ஊரில் அப்படிப்பட்ட இன்னும் சிலரைத் தேடிப்பிடித்து, புதன்கிழமை மாலை சபை வராந்தாவில் கூட்டினோம். எந்த மதத்தாராக இருந்தாலும் வரலாம். மதம் மாற்றுகிற தூண்டிலாக அதை வைக்கக்கூடாது என்று தீர்மானித்தோம். ஆண்டவர் செவிடனிடம் விண்ணப்பப் படிவம் கேட்கவில்லை.

தொண்டர்கள் கைக்கொள்ள வேண்டியவை:

* அவரைப் பார்த்துப் பேசுங்கள், அவர் மனைவியைப் பார்த்து அல்ல. சத்தம் போட வேண்டாம், அவருக்குக் காது கேட்கிறது.
* டிவி, ரேடியோ, மைக் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் பேசட்டும்.
* சின்ன வாக்கியம், நிதானமான பேச்சு. ஆனால் குழந்தையிடம் பேசுகிற மாதிரி வேண்டாம். பெரியவர்களைப் பெரியவர்களாகவே அழையுங்கள்.
* ஒரு கேள்வி கேட்டால், மனதிற்குள் பத்து வரைக்கும் எண்ணுங்கள். அவர் வாயிலிருக்கிற வார்த்தையைப் பிடுங்கி நீங்கள் முடிக்காதீர்கள். அவர் உதவி கேட்டால் கொடுங்கள்.
* நோட்டும் பேனாவும் கையில் இருக்கட்டும். காலண்டர், குடும்பப் போட்டோ, ஊர் வரைபடம், ரூபாய் நோட்டு இவைகளைக் காட்டிப் பேசுங்கள். "ஆம்", "இல்லை" என்று பெரிதாய் எழுதி வைத்துத் தொடச் சொல்லுங்கள். வாயில் "இல்ல" என்று வந்தாலும் விரல் "ஆம்" என்று காட்டும்.
* புரிந்தது என்று பொய் சொல்லாதீர்கள். "எனக்குப் புரியலைங்க ஐயா, இன்னொரு தரம் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். புரிந்ததைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள்.
* தாயம், கேரம் விளையாடுங்கள். தெரிந்த பாட்டைச் சேர்ந்து ஆரம்பியுங்கள். எல்லாம் பாடமாக இருக்க வேண்டாம். சிரிப்பு வேண்டும்.
* உட்காரக் கைப்பிடியுள்ள நாற்காலி போடுங்கள், பாய் வேண்டாம். படியேற வைக்காதீர்கள்.
* அழுகிறவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கு மனச்சோர்வு அதிகமாய் வருகிறது. அது விசுவாசக் குறைவல்ல. தேவையானால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.
* முக்கியமாக, ஒரு வாரம் போய் போட்டோ எடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். வராத தொண்டரைவிட, வந்து நின்றுபோன தொண்டர் அதிகமாய்க் காயப்படுத்துகிறார். வருஷங்கள் கழித்தும் முன்னேற்றம் வருகிறது. மாதக் கணக்கில் நிற்க மனதுள்ளவர்கள் மாத்திரம் பெயர் கொடுங்கள்.

முடிவாக

மூப்பர் ஐயா முழு சுகம் பெற்றார் என்று எழுத எனக்கு ஆசைதான். இன்னும் பெறவில்லை. பொய்ச் சாட்சி எழுத மாட்டேன். வலது கை இன்னும் மடங்கியே இருக்கிறது. ஆனால் ஒரு புதன்கிழமை, ஒரு வாலிபத் தம்பி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஐயா வழக்கமாய் ஆரம்பிக்கிற அந்தப் பழைய பாட்டின் முதல் வார்த்தையைப் பாடினான். இரண்டாம் வார்த்தையில் ஐயாவின் குரல் சேர்ந்தது. மூன்றாம் வார்த்தையில் தம்பி நிறுத்திவிட்டான். ஐயா பாடிக்கொண்டே போனார்! வராந்தாவில் இருந்த நாங்கள் எல்லாரும் அழுதுவிட்டோம். ஸ்தோத்திரம்!

போன மாதம் அவர் மறுபடியும் சாட்சி நேரத்தில் எழுந்து நின்றார். நான் மைக்கை அணைக்கச் சொன்னேன். விசிறியை நிறுத்தினோம். அந்தத் தம்பி பக்கத்தில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஐயா ஒரு போட்டோவைத் தொட்டார், வானத்தைக் காட்டினார், நின்றார், திணறினார், மறுபடியும் ஆரம்பித்தார். ஆறு நிமிஷம் ஆயிற்று. ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. கடைசியில் மூன்று வார்த்தை வந்தது: "கூட... இருந்தார்... கர்த்தர்."

அதைவிட நீண்ட பிரசங்கம் நான் அநேகம் செய்திருக்கிறேன். அதைவிடப் பெரிய பிரசங்கம் செய்ததில்லை.

இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, உன் சபையில் பாடிக்கொண்டிருந்த ஒருவர், பேசிக்கொண்டிருந்த ஒருவர், சில மாதமாய்க் காணவில்லையா? உன் தெருவில் திண்ணையில் ஒருவர் சும்மா உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? இந்த வாரமே போ. பழம் வாங்கிக்கொண்டு போனால் போதாது, நேரத்தை எடுத்துக்கொண்டு போ. போய் உட்கார். கேள்.

ஜெபிப்போமா?

அன்பின் பரலோகப் பிதாவே, செவிடனைத் தனியே அழைத்துச் சென்று தொட்ட உமது குமாரனுக்காக ஸ்தோத்திரம். பேசுகிறதில் வேகமும் கேட்கிறதில் தாமதமுமாய் இருந்த எங்களை மன்னியும். பேச்சிழந்து வீடுகளில் கிடக்கிற உமது பிள்ளைகளின் பெருமூச்சை நீர் அறிந்திருக்கிறீர். அவர்களைத் தொடும். அவர்களைப் பராமரிக்கிற மனைவிமார், பிள்ளைகள் யாவருக்கும் பெலன் தாரும். எங்கள் சபைகளில் ஆரோன்களை எழுப்பும். ஆண்டவரே, எங்கள் காதுகளுக்கு எப்பத்தா என்று சொல்லும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.